குழாயில் தண்ணீர் வந்தால் யாருக்கு நஷ்டம்?

முதலமைச்சர் பெயர் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தொகுதி எம்.எல்.ஏ. பெயரைக் கொஞ்சம் யோசித்தாவது சொல்லிவிடுவோம். வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டால்தான் முழிப்போம். இத்தனைக்கும் காலையில் எழுந்ததிலிருந்து நாம் தொடும் பாதி விஷயங்கள் அவருடைய எல்லைக்குள் வருபவை. தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, வாசலில் தோண்டிப்போட்டு மூடாமல் விட்ட குழி. சினிமாவில் கவுன்சிலர் என்றால் வெள்ளைச் சட்டை, தடித்த சங்கிலி, கமிஷன், கூடவே நாலு அல்லக்கை. காமெடிக்கு ஆகும், கதைக்கு ஆகாது என்பதுதான் அந்தப் பதவிக்கு நாம் கொடுத்திருக்கும் இடம்.

அந்தப் பதவியில் ஆறு மாதம் மட்டுமே இருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மதுரையில் அவர் பெயரை இன்றும் ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்: வில்லாபுரம் லீலாவதி.

லீலாவதி கைத்தறி நெசவாளர். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், ஜனநாயக மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வில்லாபுரத்திலிருந்து மதுரை மாநகராட்சிக்குக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஏப்ரல் 23ஆம் தேதி, பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. இந்த மூன்று வரிக்குள் அவர் வாழ்க்கையை அடக்கிவிடலாம். அடக்கித்தான் வைத்திருக்கிறோம். நினைவு நாள் போஸ்டரில் அதற்கு மேல் இடமிருக்காது.

ஆனால் அந்த 1996 தேர்தலை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப்போக முடியாது. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1986இல். சென்னை மாநகராட்சியின் கதை இன்னும் மோசம். 1973இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996 வரைக்கும் கூடவே இல்லை. 23 வருஷம் ஒரு பெருநகரத்தை அதிகாரிகளே நடத்தினார்கள். தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் மனு கொடுக்கலாம், சண்டை போட முடியாது. ஏனென்றால் சண்டை போட்டுத் தோற்கடிக்க எதிரே ஆள் இல்லை.

இந்த நிலைமையை மாற்றியவை 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள். முதலாவது பஞ்சாயத்துகளுக்கு, இரண்டாவது நகராட்சிகளுக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம், தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம். எழுத்தில் பார்த்தால் ஒரு நிர்வாகச் சீர்திருத்தம், அவ்வளவுதான். ஆனால் 1996இல் அது தெருவுக்கு வந்தபோது, அதுவரை மன்ற அறைக்குள் காலே வைத்திராத ஆயிரக்கணக்கானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நிறைய இடங்களில் மனைவி பெயரில் கணவர் ஆட்சி நடத்தினார் என்பதும் உண்மைதான். அப்படி நடக்காத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு வில்லாபுரம் ஒரு பதில்.

வில்லாபுரம் மதுரையின் தென்பகுதி. அருப்புக்கோட்டை ரோட்டில், விமான நிலையத்துக்குப் போகிற வழி. கைத்தொழில் செய்பவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கி வாழ்ந்த இடம். குழாய்த் தண்ணீர் ஒழுங்காகக் கிடையாது. காசு கொடுத்துத் தனியாரிடம்தான் தண்ணீர் வாங்க வேண்டும். லீலாவதி கையில் எடுத்தது இந்த ஒரே விஷயத்தை. மாநகராட்சிக் குழாய் வில்லாபுரத்துக்கு வர வேண்டும். புரட்சி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. உலகத்தில் உள்ள அத்தனை கவுன்சிலர்களும் தேர்தலில் கொடுக்கிற வாக்குறுதிதான். அவர் செய்த வித்தியாசம், ஜெயித்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் மதுரையை நேரில் பார்த்தவர்களுக்கு நான் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்த தெருவில் குடத்துக்குப் பதிலாக செங்கல்லை வரிசையில் வைத்து இடம் பிடிப்பார்கள். எந்தச் செங்கல் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைக்கூட, “ஏய், தண்ணி வந்துருச்சு பாரு, எந்திரி”ன்னு எழுப்பி விடுவார்கள். லீலாவதி பெயரை எங்கள் தெருப் பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். “தண்ணி கேட்டதுக்காடி வெட்டுவாய்ங்க?” என்று ஒரு அத்தை கேட்டார். பல வருஷம் எனக்கும் அதே கேள்விதான். தண்ணீர் கேட்டதற்கு ஏன் ஒரு கொலை?

வேலைக்கு வந்தபிறகு அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டேன். மென்பொருள் தொழிலில் எந்தப் பிரச்சினையையும் ஒரு குறைபாடாகப் பார்க்கிற பழக்கம் உண்டு. தண்ணீர் வரவில்லையா? குழாய் போடு, மோட்டார் வை, டிக்கெட்டை மூடு. எல்லோருக்கும் நல்லது நடக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள் என்பது இந்தப் பார்வைக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. ஆனால் அதே தொழிலில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் முதலில் கேட்கிற கேள்வி வேறு: இது சரியாக வேலை செய்தால் யாருக்கு நஷ்டம்? உடைந்து கிடப்பதால் யார் சம்பாதிக்கிறார்கள்?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பகுதியில் 500 வீடுகள். வீட்டுக்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம். குடம் ஐம்பது பைசாதான். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், மாதத்துக்கு 75,000. தொண்ணூறுகளில் இது சின்னக் காசு கிடையாது. இந்த வருமானத்துக்கு வேண்டிய முதலீடு ஒன்றுதான்: குழாயில் தண்ணீர் வரக் கூடாது. அப்படியானால் குழாய் கேட்கிற கவுன்சிலர் அங்கே வெறும் கோரிக்கை வைக்கவில்லை. ஒருவருடைய கடையை மூடச் சொல்கிறார். அந்தக் கடையைச் சுற்றி ஒரு வட்டாரத்தின் பயம், கட்சிச் செல்வாக்கு, போலீஸ் பழக்கம் எல்லாம் கட்டி எழுப்பப்பட்டிருக்கும். அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தண்ணீர் கேட்டதற்காக வெட்டவில்லை. கிடைத்துவிடும் போலிருந்ததால் வெட்டினார்கள்.

வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயுள் கைதிகள் பெரும் எண்ணிக்கையில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டபோது, லீலாவதி வழக்குக் கைதிகளும் வெளியே வந்தார்கள். அப்போதும் தி.மு.க. ஆட்சிதான்.

இந்தக் கதையைத் தனியாகச் சொன்னால் ஒரு வீரப் பெண்ணின் கதையாகச் சுருங்கிவிடும். அதனால் அதே மாவட்டத்தில் 68 நாள் கழித்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேலூர் பக்கத்தில் மேலவளவு. 1996இல் அந்தப் பஞ்சாயத்தின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் மிரட்டலில் மனு போட்டவர்கள் வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. டிசம்பர் 28 அன்று நடந்த தேர்தலில் வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டன. கடைசியில் டிசம்பர் 31 அன்று, போலீஸ் காவலோடு நடந்த மறு வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் நுழைந்து வேலை பார்க்க விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான நிவாரணம் பற்றிப் பேச மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போனார். மனு கொடுத்துவிட்டு பஸ் ஏறித் திரும்பும்போது, ஊர் நெருங்குகிற இடத்தில் பஸ்ஸை மறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப்போய்க் கிணற்றில் வீசினார்கள்.

2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் மூன்று பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டுக்காக விடுதலையானார்கள். 13 பேர் 2019 நவம்பரில், அ.தி.மு.க. ஆட்சியில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக. கொலையானவர்கள் உள்ளாட்சிக்காரர்கள், கொன்றவர்கள் விடுதலையானது பெருந்தலைவர்களின் பிறந்தநாளுக்கு. நம் அரசியலில் பெரிய பெயர்களுக்கும் சின்னப் பெயர்களுக்கும் இருக்கும் தூரத்தை இதைவிடத் தெளிவாக யாராலும் அளந்து காட்ட முடியாது.

வில்லாபுரத்தில் பிரச்சினை தண்ணீர், மேலவளவில் சாதி என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்திலும் பயமுறுத்தியது ஒரே விஷயம்: அந்தச் சின்ன நாற்காலிக்கு நிஜமாகவே அதிகாரம் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போடுகிற காசோலை, எந்தத் தெருவுக்கு முதலில் ரோடு, எந்தக் குத்தகை யாருக்கு, கூட்டத்தில் யார் உட்காருவார் யார் நிற்பார் – ஊரின் ஒழுங்கு இதற்குள்தான் இருக்கிறது. டெல்லியில் யார் ஆண்டாலும் ஊருக்குள் யாரும் தோள் துண்டை எடுக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்து ஆபீசில் ஆள் மாறினால் எடுக்க வேண்டியிருக்கும். உள்ளாட்சியை நாம்தான் சின்னது என்று நினைக்கிறோம். அதை இழக்கப்போகிறவர்கள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

அதே மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இதற்கு இன்னொரு சாட்சி. தலைவர் பதவி தலித்துக்குப் போகக் கூடாது என்பதற்காக 1996 முதல் பத்து வருஷம் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. யாரையாவது நிற்கவைத்து, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்யவைத்த கூத்தும் நடந்தது. 2006இல்தான் அரசு உறுதியாக நின்று தேர்தலை நடத்தி முடித்தது. அரசு நினைத்தால் நடக்கும் என்பதற்கு இது உதாரணம். நினைக்கப் பத்து வருஷம் ஆகும் என்பதற்கும்.

உள்ளாட்சியை நிறுத்திவைக்க எப்போதும் அரிவாள் வேண்டும் என்றில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபிறகு, தமிழ்நாட்டின் நகரங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல் தனி அதிகாரிகள். இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு முழுப் பதவிக்காலம் அப்படியே காணாமல் போனது. சட்டமன்றத் தேர்தல் ஒரு வருஷம் தள்ளிப்போனால் மாநிலமே கொதித்திருக்கும். இதற்கு யாரும் கொதிக்கவில்லை. கையில் புகார் செயலி இருந்தது, படமெடுத்து அனுப்பினோம், எண் வந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கு உள்ளாட்சி என்றால் அந்தப் புகார் எண்தான்.

செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கு அது போதும். ஆனால் அடுத்த தெருவுக்குக் குழாயே வரவில்லை என்றால், அங்கே வராததால் ஒருவர் பிழைக்கிறார் என்றால், அதைப் பதிவுசெய்ய அந்தச் செயலியில் கட்டம் கிடையாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, என்ஜினியர் பெயரைச் சொல்லி, தேதி கேட்டு, சொன்ன தேதி தவறினால் தெருப் பெண்களோடு போய் ஆபீஸ் வாசலில் உட்காரும் ஆள். இன்று சட்டப்படி தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அவர்களில் எத்தனையோ பேர் தினமும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், செய்தியாகாமல்.

லீலாவதியைத் தியாகி என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. தியாகி என்றதும் அவர் நம்மைவிட்டு ரொம்ப உயரத்துக்குப் போய்விடுகிறார். அவர் நின்றது ஒரு வார்டு தேர்தலில். அவருடைய பதவிக்காலம் 2001 வரைக்கும் இருந்தது. மிச்சமிருந்த நாலரை வருஷத்தில் அவர் என்ன செய்திருப்பார்? குழாய் வந்தபின் அழுத்தம் குறைவு என்று சண்டை போட்டிருப்பார். சாக்கடை மூடி கேட்டிருப்பார். முதியோர் பென்ஷனுக்கு யாரையாவது தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போயிருப்பார். சில காரியங்களில் தோற்றிருப்பார். நாலு பேர், “இந்தம்மாவும் ஒண்ணும் கிழிக்கல”ன்னு திட்டியிருப்பார்கள். அடுத்த தேர்தலில் தோற்றும் போயிருக்கலாம்.

சாதாரணமான ஒரு கவுன்சிலராக இருந்து, சலிப்பூட்டி, திட்டு வாங்கி, பதவி முடிந்து மறுபடி தறிக்குத் திரும்புகிற உரிமை அவருக்கு இருந்தது. முருகேசனுக்கும் இருந்தது. அந்தச் சாதாரணம் நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. பெயரைக்கூட நாம் மறந்திருப்போம், வில்லாபுரத்தில் யாரோ ஒருவர் குழாயைத் திருகிக் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போயிருப்பார்.