உயரம் பாய்ந்த பள்ளி

நம் மன்ற மலரில் கம்பனைப் பற்றி எழுதுவோர் உண்டு. காதலைப் பற்றி எழுதுவோரும் உண்டு. நான் எழுத விழைவது ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. அப்பள்ளி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வடமாலபேட்டை. திருப்பதியிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் உள்ளது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். நன்றாக உயரம் தாண்டுவாள். மண்டலப் போட்டிக்குப் போக வீட்டாரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மாமா வழக்கம்போல் அக்காளின் முகத்தைப் பார்த்தார். அக்காள் என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி, குதிச்சு இன்னா ஆவப்போவுது? அடுத்த வருசம் பத்தாவது. கால் ஒடிஞ்சா யாரு பாக்கறது?"

"ஒடிஞ்சா புத்தூர்க் கட்டு பக்கத்திலதானே இருக்கு, அக்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அஞ்சியது காலுக்காக அன்று, படிப்புக்காக. ஆடினால் படிப்புக் கெடும் என்பது நம் பெற்றோரின் பழைய நம்பிக்கை. அந்த அச்சத்திற்கு விடையாகத்தான் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

கல்லூரி என்பது பெயர்தான். உண்மையில் அது பள்ளிக்கூடம். 1816இல் மெதடிஸ்த மிஷனரிகள் தொடங்கியது. 1834இல் பீற்றர் பெர்சிவல் பாதிரியார் அதற்கு மத்திய பாடசாலை என்று பெயரிட்டார். நம் தமிழுக்கு உரைநடை வளர்த்த ஆறுமுக நாவலர் அங்கேதான் ஆங்கிலம் கற்றார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். 1848இல் விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். 1960இல் அரசு பல பள்ளிகளை ஏற்றபோது மத்திய கல்லூரியும் அரசுப் பள்ளியாயிற்று.

கல்விக்குப் பேர்போன அந்தப் பள்ளி மைதானத்தையும் மறக்கவில்லை. பரியோவான் கல்லூரியோடு அது ஆடும் கிரிக்கெட் ஆட்டம் 1904இல் தொடங்கியது. "வடக்கின் பெரும்போர்" என்று யாழ்ப்பாணத்தார் அதனைக் கொண்டாடுவர்.

அப்பள்ளி தந்த பெருவீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். நாம் உயரம் தாண்டுதல் என்பதை அவர்கள் உயரம் பாய்தல் என்பார்கள். 1934இல் பிறந்த அவர், பதினெட்டு வயது நிரம்புமுன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1956இல் மெல்போர்னுக்கும் சென்றார். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது.

தேதியை நோக்குங்கள். அது 1958ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி. அந்த நாட்களில்தான் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் பறிபோயின. அங்கே தமிழன் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், தோக்கியோவில் ஒரு தமிழன் அந்நாட்டுக்கே பொன் தேடித் தந்தான். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

"சரி, படிப்பு?" என்றாள் அக்காள். அதற்காகவே காத்திருந்தேன். அவர் அமெரிக்கா சென்று லாஸ் ஏஞ்சலிஸில் பட்டம் பெற்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். பல நாடுகளில் கல்விப் பணி ஆற்றினார். 2024இல் மறைந்தார்.

"அது பெரிய பள்ளிக்கூடம்டா. நம்மது ஊர்ப் பள்ளிக்கூடம்."

இதுவும் நியாயமான கேள்வியே. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் அரசுப் பள்ளியைச் சொன்னேன். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு அங்கே படித்தவர். காய்கறி விற்ற தாயின் மகன். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அவரை ஊக்கி உயரம் தாண்டச் செய்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பரிசுப் பணத்தில் 30 லட்சம் ரூபாயைத் தம் பள்ளிக்கே கொடுத்தார்.

"அவங்கல்லாம் ஆம்பளைங்க" என்றாள் அக்காள்.

அதுவரை வாய் திறவாதிருந்த பெண், "ஜோதி யர்ராஜி ஆம்பளையாம்மா?" என்றாள்.

எனக்கே அது தோன்றவில்லை! விசாகப்பட்டினத்துக் காவலாளியின் மகள் அவர். பள்ளி ஆசிரியர் கண்ணில் பட்டுத் தடை ஓட்டத்துக்கு வந்தவர். 2023இல் ஆசியத் தடகளப் போட்டியில் நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். மாமா மெல்ல எழுந்து பேனாவைத் தேடினார். அக்காள், "போட்டி எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.

நண்பர்களே, மூன்று ஊர்க் கதைகளிலும் நான் கண்டது ஒன்றே. பிள்ளையின் திறமையை உரிய வயதில் ஒருவர் கண்டுகொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் மணற்குழி இருக்கிறது, கம்பம் இருக்கிறது. மாலையில் கம்பைப் பிடிக்கவும், தாண்டிய உயரத்தைக் குறித்து வைக்கவும் ஆள் இல்லை. நம்மில் பலர் சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போகிறோம். படித்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் போனால் என்ன? அளவு நாடா ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். வருகிற சனிக்கிழமை நான் போகிறேன். உடன் வருவோர் விடுதியில் என்னிடம் பெயர் தரலாம்.