மாப்பிள்ளைக்கு முடி வேண்டும்

பெண்ணின் கூந்தலை அளந்த கல்யாணச் சந்தை இப்போது ஆணின் முன்நெற்றியையும் அளக்கிறது. வழுக்கைக்கு அஞ்சும் இளைஞர்கள் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை நாடுகிறார்கள்.

ஆண்களின் வழுக்கைக்கு, தினம் ஒரு மில்லிகிராம் என்று, 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை அனுமதித்தது. டெஸ்டோஸ்டிரோன் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதை இது தடுக்கிறது. முடி உதிர்வது குறைகிறது. சிலருக்கு ஆசை குறைகிறது, விறைப்பு தளர்கிறது. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் சிலருக்கு நீடித்ததாக வந்த புகார்கள் 2012இல் மருந்துக் குறிப்பில் ஏறின.

என்னிடம் படித்த ஒருத்தி, திருமணமான மறுவருடம் வந்து கேட்டாள்: "அம்மா, என்கிட்ட என்ன குறை?" கணவன் தொடுவதில்லை. "விசேஷம் உண்டா?" என்று மாமியார் கேட்பது அவளைத்தான். முதல் பரிசோதனையும் அவளுக்குத்தான். அலமாரியில் மாத்திரை அட்டையை அவள் பார்த்தது பிறகுதான். அதுதான் காரணமா என்று மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்பதற்கு அவன் வாய் திறக்க வேண்டுமே!

கருவுற்ற பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று அந்தக் குறிப்பு எச்சரிக்கிறது. வயிற்றிலிருப்பது ஆண் சிசுவானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாமாம். அந்த அக்கறையும் ஆண் சிசுவுக்குத்தான். பக்கத்தில் படுத்திருப்பவளின் ஆசைக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

வழுக்கை அவமானம், தளர்வு அதைவிட அவமானம் என்று அவனுக்குச் சொல்லித் தந்ததும் ஆணாதிக்கம்தான். அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் அவன் பேசாததை அவள் தன் குறையாகச் சுமக்க வேண்டியதில்லை. மாத்திரையைப் பற்றிக் கேட்பது அவள் உரிமை.