மழையில் ஓடுகிறவர்களின் உடை

ஆண்டின் பெரும்பகுதி வெயிலோடு மல்லுக்கட்டும் மதுரைக்காரர்களுக்கு மழையோட்டத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஐப்பசியும் கார்த்திகையும் இங்கேயும் வரத்தான் செய்கின்றன. பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் நோக்கி விடிகாலையில் ஓடும் எங்கள் சிறு கூட்டத்தில், அவ்விரு மாதங்களிலும் முதல் பேச்சு உடையைப் பற்றியதாகவே இருக்கும்.

பருத்தி நம் மண்ணின் பெருமை. ஹார்வி மில்லை நம்பி வாழ்ந்த தலைமுறைகளைக் கண்ட நகரம் இது. சித்திரை வெயிலில் பருத்திப் பனியனுக்கு ஈடில்லை என்பதே எங்கள் எண்ணம். மழையிலோ அதே பனியன் பகையாகிவிடுகிறது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. நனைந்த பனியன் கனத்துத் தொங்கி, ஒவ்வோர் அடிக்கும் தோலை உரசும். பத்துக் கிலோமீட்டர் முடிவில் மார்பில் இரத்தக் கோடுகளோடு வந்து நிற்பவர்களைக் கண்டிருக்கிறோம். உடலோடு ஒட்டிய மெல்லிய பாலியெஸ்டர் சட்டை, உரசும் இடங்களில் வாசலின், அதுவும் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய்: இவ்வளவு போதும். கண்ணில் நீர் இறங்காதிருக்க முன்விளிம்பு கொண்ட தொப்பி ஒன்றும் நல்லது.

மழைக்கோட்டு வேண்டாம். 2018 பாஸ்டன் மாரத்தானில் குளிர்மழையும் எதிர்காற்றும் வாட்ட, மேல்சட்டையோடு ஓடிய டெஸ் லிண்டன் பெண்கள் பிரிவில் வென்றார். அங்கே உடற்சூட்டைக் காப்பது உயிர்ப் பிரச்சினை. நம்முடைய மழை அத்தனை குளிர்ந்ததன்று. இங்கே பிளாஸ்டிக் கோட்டுக்குள் ஓடுகிறவர் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்தவர்தான். மழையில் நனையாமல் வியர்வையில் நனைவார். ஓடும்வரை உடலே கணப்பு. நின்றபின்தான் குளிரும், அதற்கு உலர்ந்த துண்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருந்தால் போதும்.

இவையெல்லாம் ஆண்களின் கவலைகள். பெண் பிள்ளைகளுக்கு வேறொன்று உண்டு. பள்ளி விளையாட்டு நாளென்றால் வெள்ளைச் சீருடைதான் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். தூறல் விழுந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண்கள் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறோம். களைப்பினால் ஒதுங்கவில்லை, நனைந்த வெள்ளைத் துணி எதையும் மறைக்காது. கருநீலமோ கரும்பச்சையோ வெள்ளையைவிட விலை கூடியதன்று. அதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஓடுகிறவள் இல்லை, அவ்வளவுதான். மழைக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வியில் எங்களுக்கு முதன்மையாகப் படுவது இதுவே. நல்ல காலணி பிறகு வரட்டும்.

காலணி பிறகு என்று சொல்லும் துணிச்சலைத் தந்தவர் நம் சக்கிமங்கலத்துப் பெண். பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்த ரேவதி வீரமணி, கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர்; 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஆனால் வெறுங்கால் அவருக்கு இல்லாமையாக இருந்தது. அதை வீரமாக்கிப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தவிர, மைதானம் வேறு, மழைக்காலத் தெரு வேறு. தேங்கிய நீருக்கடியில் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அது திறந்த வாசல். தெருவில் ஓடுகிறவர்கள் காலணி அணிந்தே தீரவேண்டும்: மேற்புறம் வலைத்துணியாக, நீர் உள்ளே வந்தால் வெளியேறக்கூடியதாக. தடித்த பருத்திக் காலுறை கொப்புளத்துக்கு வழி.

ஓடி முடித்ததும் காலணியை வெயிலுக்காகக் காத்து வைப்பது வீண். கார்த்திகையில் அந்த வெயில் எப்போது வரும் என்று யார் கண்டது? அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளட்டையை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றினால் மறுநாள் காலைக்கு ஏறக்குறைய உலர்ந்துவிடும். தினசரித் தாள்தான் இதற்கு ஏற்றது. வழவழப்பான ஞாயிறு இணைப்புகள் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. சிற்றிதழ்களை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.