நிறுத்திக் கேட்ட வழி

வழி தெரியாத ஊருக்குள் கார் நுழைந்தால் முன்பெல்லாம் என்ன நடக்கும் என்பது முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். டீக்கடையோ சைக்கிள் கடையோ கண்ணில் பட்டதும் வண்டி ஓரங்கட்டும். இடதுபக்கக் கண்ணாடி இறங்கும். "அண்ணே, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எப்படிப் போகணும்?" கேட்கப்பட்டவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வருவார். "நேராப் போங்க, ஒரு வாட்டர் டேங்க் வரும். அதுக்கு முன்னாடியே லெஃப்ட்ல திரும்பிடுங்க. டேங்கைத் தாண்டிட்டீங்கன்னா ரொம்பச் சுத்து." பக்கத்தில் நிற்பவர் அதை மறுத்து வேறொரு வழி சொல்வார். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை வண்டி நின்றுகொண்டுதான் இருக்கும். சொன்ன வழி தவறாகப் போன நாளும் உண்டு. அந்த விஷயத்தில் இன்றைய மேப் டீக்கடைக்காரரைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அன்று வழி கேட்கும்போது சக்கரம் சுழலவில்லை. இன்று ஓட்டிக்கொண்டே கேட்கிறோம். காரில் வழிகாட்டித் திரை இருக்கலாமா கூடாதா என்று நடக்கும் வாதத்தில் இந்த ஒரு மாற்றத்தைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஜப்பானியர் இதற்கு 'நகரா உன்டென்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு எதையோ செய்துகொண்டே ஓட்டுவது என்று பொருள். அவர்களுடைய 'நகரா' நம்முடைய 'கொண்டே'தான். பேசிக்கொண்டே, பார்த்துக்கொண்டே, தட்டிக்கொண்டே.

மேப் போட்டு ஓட்டுவது என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. குரல் சொல்வதைக் கேட்பது ஒன்று. திரையை அவ்வப்போது ஒரு கண் பார்ப்பது இன்னொன்று. போக வேண்டிய இடத்தைப் பதிவது மூன்றாவது. மூன்றும் ஒரே எடை அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வு நிறுவனம் நூறு கார்களில் கேமரா பொருத்தி, ஓட்டுபவர்களை அன்றாடச் சாலையில் ஓராண்டுக்கும் மேல் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் சரி, சாலையிலிருந்து கண் இரண்டு வினாடிக்கு மேல் விலகினால் மோதலோ மயிரிழையில் தப்புவதோ நடக்கும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்காகிறது என்பது அதில் ஒன்று. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் கார் நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறையிலும் இதே அளவுதான்: ஒரு பார்வைக்கு இரண்டு வினாடி, ஒரு வேலைக்கு மொத்தம் பன்னிரண்டு வினாடி. கட்டாயச் சட்டம் இல்லை, பரிந்துரைதான். நான்காண்டு கழித்து, 2017-ல், யூட்டா பல்கலைக்கழகத்தினர் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.வின் அறக்கட்டளைக்காக அந்த ஆண்டின் முப்பது புதிய மாடல் கார்களைச் சோதித்தார்கள். பாட்டு மாற்றுவது, போன் பேசுவது, செய்தி அனுப்புவது எல்லாவற்றையும்விட அதிக நேரம் தின்றது நேவிகேஷனில் இடத்தைப் பதிவதுதான். சராசரியாக 40 வினாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற நகர வேகத்தில்கூட அதற்குள் வண்டி ஏறக்குறைய 440 மீட்டர் போய்விடும். ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வினாடியும் கண் திரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்காது, நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வேலையைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். 'காந்தி நகர்' என்று நான்கு எழுத்து அடித்ததுமே பட்டியல் விழுகிறது. தமிழ்நாட்டில் காந்தி நகர் இல்லாத ஊர் எது? அந்தக் காந்தி நகரிலும் முதல் தெரு, இரண்டாம் தெரு, விரிவு. எது நம்முடையது என்று தெரிந்துகொள்ள ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டும், தூரத்தைப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் மேப்பை இரண்டு விரலால் சுருக்கிப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து சாலையைப் பார்க்கும் அந்த அரை வினாடியிலும் மனம் பட்டியலில்தான் இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் விளக்கு கண்ணில் படும், மண்டையில் ஏறாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேப் இல்லாமல் ஓட்டுபவர் மட்டும் சாலையைப் பார்த்தா ஓட்டுகிறார்? பெயர்ப் பலகையைத் தேடுகிறார், கடை போர்டில் ஊர்ப் பெயரைப் படிக்கிறார், திருப்பம் வந்துவிட்டதென்று நட்டநடுவில் பிரேக் அடிக்கிறார். நெதர்லாந்தின் டி.என்.ஓ. ஆய்வு நிறுவனம் 2007-ல் சொன்ன கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது: தெரியாத பகுதியில் நேவிகேஷனோடு போனவர்கள் 16 சதவீதம் குறைவான தூரமும் 18 சதவீதம் குறைவான நேரமும் ஓட்டினார்கள். நேவிகேஷன் கருவி செய்யும் டாம்டாம் நிறுவனம் அந்த ஆய்வைத் தூக்கிப் பிடித்ததில் வியப்பில்லை. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. சாலையில் அலையும் தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையத்தான் செய்யும். ஆகவே கருவியைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சியில் சேர எனக்கு மனமில்லை. என் வழக்கு அந்த மூன்றாவது வேலையின் மேல் மட்டும்தான். அதோடு தொடர்புடைய இன்னொன்றின் மேலும்: திருப்பத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம்.

பிரிட்டனில் 2017 டிசம்பர் 4 முதல் ஓட்டுநர் உரிமத் தேர்வில் நேவிகேஷன் கருவியைப் பின்பற்றி ஓட்டுவதும் ஒரு பகுதி. அறிமுகமானபோது ஏறக்குறைய இருபது நிமிடம் பெரும்பாலான தேர்வர்கள் அதன்படி ஓட்ட வேண்டியிருந்தது. கவனச் சிதறல் என்று ஒரு காலத்தில் பயந்ததை அரசே பாடத்தில் சேர்த்துவிட்டது. சேர்த்த விதம்தான் கவனிக்க வேண்டியது. கருவியைத் தேர்வாளரே கொண்டுவருகிறார், வழியையும் அவரே போட்டுத் தருகிறார். ஓட்டுபவர் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த விதி இன்னும் அழகு. தவறான பக்கம் திரும்பிவிட்டால் மதிப்பெண் குறையாது. திரும்பும்போது சிக்னல் காட்டாமலோ பின்னால் வருபவரைப் பார்க்காமலோ திரும்பினால்தான் குறையும். வழி தவறுவது குற்றமில்லை என்று ஒரு தேர்வு சொல்லித்தருகிறது. நம் ஊரில் சென்னை கத்திப்பாரா மேம்பாலத்துக்கு வந்து பாருங்கள். அண்ணா சாலை, விமான நிலையம், வடபழனி, பூந்தமல்லி என்று பாதைகள் வளைந்து வளைந்து பிரிகின்றன. குரல் "சற்றே இடதுபுறம்" என்கிறது. அடுத்தடுத்து இரண்டு இடதுபுறம் இருக்கின்றன. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று மேப்புக்கே குழப்பம் வரும் இடம் இது. பிரியும் இடத்தின் கோடு போட்ட முக்கோணத்தில் ஒரு கார் தயங்கி நிற்கிறது, பின்னால் ஹாரன்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் தவறவிட்ட சர்வீஸ் ரோட்டுக்காக ரிவர்ஸ் எடுப்பவரையும் பார்க்கலாம். மேப் இரண்டு வினாடியில் புது வழி போட்டுத் தந்துவிடும், அதிகம் போனால் ஐந்து நிமிடம் கூடும். ஆனால் திரையில் நீலக் கோட்டைவிட்டு விலகுவதை மனிதர்கள் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

குரலில் சொன்னால் போதுமே, கை எதற்கு, கண் எதற்கு என்பது அடுத்த வாதம். கூகுள் மேப் 2018 முதல் தமிழிலும் பேசுகிறது; கேட்கும் திசையில் அது பெரிய உதவி. குரலால் இடத்தைப் பதிவதிலும் விரலால் அடிப்பதைவிட ஆபத்து குறைவுதான். குறைவு என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. பிரிட்டனின் டி.ஆர்.எல். ஆய்வுக்கூடம் 2020-ல் வெளியிட்ட சோதனையில், காரின் திரை அமைப்பைத் தொட்டு இயக்கியவர்கள் எதிர்வினை காட்ட எடுத்த நேரம் ஆப்பிள் கார்ப்ளேயில் 57 சதவீதமும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் கூடியது. குரலால் இயக்கியவர்களுக்கு 36, 30. மது அருந்திச் சட்ட வரம்பைத் தொட்டவர்களுக்கு அதே கணக்கு 12 என்று முந்தைய ஆய்வு சொல்லியிருந்தது. மதுவையும் மேப்பையும் ஒரே தராசில் வைப்பது சற்று மிகைதான். குடித்தவர் பயணம் முழுக்கக் குடித்தவர், மேப்பில் தட்டுபவர் தட்டும் நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்தில் குறுக்கே ஓடும் குழந்தைக்கு இந்த நுட்பம் எதுவும் உதவாது.

இந்த வாதத்தில் அடிக்கடி கலந்துவிடும் வேறொரு விஷயத்தைப் பிரித்து வைத்துவிடலாம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் மேப்பை நம்பிப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. இவை தலைப்புச் செய்தியாகும். ஆனால் இவை தவறான மேப்பின் கதைகள். ராமகங்கையில் தடுப்பு வைக்காதவர்களின் கதையும்கூட. மேப் சரியாகவே இருந்து, அதில் தட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போன லாரியில் மோதினால் அது செய்தியாவதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அரசின் ஆண்டறிக்கையில் கைப்பேசிக்கென்று ஒரு தலைப்பு உண்டு. அந்தக் கைப்பேசியில் பேச்சு நடந்ததா, மேப் நடந்ததா என்று அது பிரிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கையில் பிடிக்கும் கருவியை ஓட்டும்போது வழி அறிய மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத விதத்தில் என்கிறது. போக்குவரத்துக் காவலர் ஓட்டுபவரின் கவனத்தை எதை வைத்து அளப்பார்? எந்தக் கைப்பேசியைப் பிடித்தாலும் "மேப் சார்" என்று சொல்லிவிடலாம். ஜப்பான் 2019 டிசம்பரில் தண்டனையைக் கடுமையாக்கியபோது, காரில் பொருத்திய நேவிகேஷன் திரையை உற்றுப் பார்ப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே விற்கும் பல கார்களில் வண்டி நகரும்போது இடத்தைப் பதிய விடாமல் கருவியே பூட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் பதியலாமே, அவரையும் ஏன் தடுக்க வேண்டும் என்பார்கள். அவர் தன் கைப்பேசியில் தேடி அனுப்பட்டும். நமக்கு அதில் நஷ்டமில்லை. உணவு கொண்டுவரும் இளைஞர்களின் நிலைதான் சிக்கல். பைக் ஹேண்டிலில் கைப்பேசி, அதன் மேல் பாலிதீன் உறை, உறையின் மேல் மழைத் துளி. அடுத்த ஆர்டரை ஏற்க ஒரு தட்டு, சேர்ந்ததைச் சொல்ல ஒரு தட்டு. நேரத்துக்குக் காசு கொடுக்கும் செயலி அவரை நிற்க விடுவதில்லை. பூட்டு அவர் கைப்பேசியில் இருப்பதைவிட அந்தச் செயலிக்குள் இருப்பதே நியாயம்: வண்டி ஓடும்போது புது ஆர்டர் காட்டாதே, நின்றதும் காட்டு.

2020 விதி எதற்காகப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. எப்போது தொடலாம் என்று சொல்லவில்லை. இடத்தைப் பதிவது வண்டி நின்றிருக்கும்போது மட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் காவலருக்கு அளக்க ஒன்று கிடைக்கும், செயலி எழுதுபவருக்குச் செய்ய ஒன்று கிடைக்கும். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.