அறுபது கடிதங்களும் ஒரு பதிலும்

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கடல் கடந்து போய் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படியுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஒரு பத்திரிகைக்காரன் தன்னுடைய அசட்டுத்தனத்தைத் தானே எழுதி அச்சுக்குக் கொடுப்பது வாரா வாரம் நடக்கிற காரியம் அல்லவே!

என் அக்காள் மகள் ஜார்ஜியா தேசத்தில், திபிலீசி நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவுக்குப் போய்விடாதீர்கள். நானும் முதலில் அப்படிப் போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன். இது கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைகளை ஒட்டியுள்ள சிறிய தேசம். படிப்பு ஆறு வருஷம். அத்தான் திருச்சி வீட்டின் பேரில் கடன் வாங்கித்தான் அவளை அனுப்பினார். படித்துத் திரும்பிய பிறகு இங்கே ஒரு தகுதிப் பரீட்சை காத்திருக்கிறது. அதில் தேறாதவர்கள் ஏராளம். ஆகவே அந்த வீட்டில் 'பரீட்சை' என்ற சொல்லைக் கேட்டாலே அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து விடுவார்.

சென்ற வருஷம் பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ஜூலை, ஆகஸ்டு ரெண்டு மாசம் லீவு. எங்கேயாவது ஆராய்ச்சி வேலை கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க பத்திரிகைக்காரர். நாலு பேரைத் தெரியாதா உங்களுக்கு?"

நாலு பேரைத் தெரியாதா என்று கேட்டுவிட்டால் எந்தப் பத்திரிகைக்காரன் தெரியாது என்பான்? "நாலென்ன, நாற்பது பேரைத் தெரியும். என்னிடம் விடு!" என்றேன். வந்தது வினை.

முதலில் நம் நாட்டில் விசாரித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாணவர்களுக்காகவே 1979-லிருந்து இரண்டு மாத ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. உதவித் தொகையும் உண்டு. குதித்துக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தேன். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் படிப்பவர்களுக்குத்தான் இடமாம். அமெரிக்காவைப் பார்த்தேன். அரசாங்கப் பணத்தில் நடக்கும் கோடைத் திட்டங்கள் பலவும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாய்க் குடியேறியவர்களுக்கும் மட்டுமே. இன்னும் சில இடங்களில் மனு வாங்கும் தேதி குளிர்காலத்திலேயே முடிந்து போயிருந்தது. வெளிநாட்டில் படிக்கிற இந்தியப் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சேராமல், புகுந்த வீட்டுக்கும் சேராமல் நடுத்தெருவில் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு என் யோசனைப்படி அவள் அறுபது பேராசிரியர்களுக்குக் கடிதம் அனுப்பினாள். மின்னஞ்சல்தான். 'தங்களுடைய மேலான ஆராய்ச்சியில் எனக்கு அளவிலா ஈடுபாடு உண்டு' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அறுபதும் ஒரே கடிதம். பெயர் மட்டும் வேறு. பதில் வந்தது ஒன்றே ஒன்று. 'அம்மணி, தாங்கள் குறிப்பிட்டிருக்கும் பேராசிரியர் நான் அல்ல' என்று அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தார். முந்தின கடிதத்தின் பெயரை மாற்ற மறந்து போய்விட்டது!

இதோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பெரிய தேசம் ஒன்றில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், நாலு வாரம் டாக்டர்களுடன் கூட இருந்து பார்க்க ஏற்பாடு செய்வதாக ஒரு தரகுக் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. சான்றிதழ் உண்டு. மேலே கொஞ்சம் பணம் கட்டினால் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் பெயரும் போடுவார்களாம். எழுதாத கட்டுரையில் எப்படிப் பெயர் வரும் என்று எழுத்தையே தொழிலாகக் கொண்ட நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அத்தானை வற்புறுத்தி நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்து அந்த ஆஸ்பத்திரிக்கே நேராக எழுதிக் கேட்டேன். 'அப்படி ஒரு கம்பெனியை எங்களுக்குத் தெரியாது' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதற்குள் கம்பெனியின் போன் அடங்கிவிட்டது. பணம் போனது போனதுதான்.

அந்தச் சான்றிதழ் கிடைத்திருந்தாலும் படிப்புக் கணக்கில் சேர்ந்திருக்காது. 2021-ல் வந்த விதிகளின்படி வெளிநாட்டில் படிப்பவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பையும், 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். மூன்றாவது தேசத்து ஆஸ்பத்திரியில் பெற்ற பயிற்சியை அதில் ஒரு பகுதியாகக் காட்ட முடியாது. பணம் கட்டு முன் படிக்க வேண்டிய விதியைப் பணம் போன பிறகு படித்தேன்.

அக்காளிடம் இதைச் சொல்லிவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரியிலிருந்து எல்லாப்பிரகட சுப்பா ராவைப் பற்றிய பழைய குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920-களில் பாஸ்டனுக்குப் போனார். கையில் காசில்லை; இரவு நேரத்தில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற ஆசிரியரின் ஆராய்ச்சி சாலையில் இடம் பிடித்தார். உடம்பிலுள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் சேர்ந்து கண்ட முறை 1925-ல் வெளிவந்தது. அளவு எடுப்பது கவர்ச்சியான வேலையா? இல்லை. ஆனால் அந்த முறை உலகமெங்கும் ரசாயன சாலைகளில் இருவர் பெயராலும் வழங்கியது.

படித்துக்கொண்டே வரும்போது ஒன்று புலப்பட்டது. சுப்பா ராவ் தமக்கு என்ன கிடைக்கும் என்று தேடியதைவிட, ஆசிரியருக்கு எந்த வேலைக்குக் கை தேவைப்பட்டதோ அதற்குத் தம் கையைக் கொடுத்தார். நானோ அறுபது கடிதத்திலும் 'எனக்குக் கொடுங்கள், கொடுங்கள்' என்றுதான் எழுத வைத்திருந்தேன்!

மறுநாள் போனில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

"போகட்டும் மாமா. நீங்க உலகமெல்லாம் தேடினீங்க. நான் இந்த ஊரைப் பார்க்கவே இல்லை. இங்கே ஒரு பெரிய கிருமி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எலியாவான்னு பேரு."

அதன் கதையை அவள்தான் சொன்னாள். நோய்க் கிருமியையே தின்று தீர்க்கும் இன்னும் சின்னக் கிருமிகள் உண்டு. அவற்றுக்கு 1917-ல் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தவர் ஃபெலிக்ஸ் டெரெல். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா 1923-ல் திபிலீசியில் ஒரு நிலையம் தொடங்கினார். 1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் எலியாவா சுட்டுக் கொல்லப்பட்டார். நிலையம் மட்டும் பிழைத்துக்கொண்டது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் பல தேசத்து நோயாளிகள் அங்கே தேடிப் போகிறார்கள். இதில் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் 1896-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

"அந்த நிலையத்துக்கே எழுதிப் போடேன்!" என்றேன், புத்தி வராமல்.

"இல்லை மாமா. முதல்லே எங்க காலேஜ் கிருமியியல் மேடத்தைக் கேக்கறேன். மருந்து ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு தெரிஞ்சுக்காம மாத்து மருந்தைப் பத்தி நான் என்ன கேள்வி கேக்கிறது?"

இந்தத் தடவை கடிதத்தை அவளே எழுதினாள். எட்டு வரி. பேராசிரியையின் கட்டுரை ஒன்றைப் படித்ததில் எழுந்த ஒரு கேள்வி. வாரம் எத்தனை மணி வர முடியும் என்ற கணக்கு. தனக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. முப்பத்து மூன்று எழுத்துள்ள ஜார்ஜிய மொழியை, நோயாளிகளுடன் பேசுவதற்காக அவள் கற்று வைத்திருந்தாள். அதையும் ஒரு வரியில் சேர்த்தாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'ஆராய்ச்சி வேலை எதுவும் இல்லை. ஐந்து வருஷத்துச் சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை நோட்டுகள் கிடக்கின்றன. ஜார்ஜிய மொழியில் படித்து ஆங்கிலத்தில் பதிய ஆள் வேண்டும். வருகிறாயா?'

அத்தானுக்கு இது பிடிக்கவேயில்லை. "பரீட்சைக்குப் படிக்கிறதை விட்டுட்டு குமாஸ்தா வேலையா? இதுக்கா வீட்டை அடகு வச்சேன்?" என்றார். என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. பேத்தி லீவுக்கு வருவாள் என்று வடகம் பிழிந்து வைத்திருந்தாள். அவள் பத்தே நாள் வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். வழியனுப்பப் போன நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நோயாளிகளின் பெயரை மறைத்துப் பதிவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கவே மூன்று வாரம். அப்புறம் தினம் ஆறு மணி நேரம் நோட்டும் கையுமாக இருந்தாள். பாதி வேலை முடிந்தபோது, ஒரே நோயாளிக்குப் பல தடவை செய்த சோதனைகள் தனித்தனி ஆட்களாக எண்ணப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்களுக்குத்தானே திரும்பத் திரும்பச் சோதனை நடக்கும்? அப்படி எண்ணினால் கணக்கு ஊதிவிடும். செய்ததையெல்லாம் கலைத்து ஒன்பது நாள் மறுபடி பதிந்தாள். பேராசிரியை 'நல்லது' என்று ஒரு சொல் சொன்னாராம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நடு இரவில் போன் செய்தாள்.

கார்த்திகையில் என் தாயாருக்குக் குளிர் ஜுரம் வந்தது. நீர்க் கடுப்பு வேறு. முன்பு ஒரு தடவை வாங்கிய மாத்திரையில் மிச்சம் இருந்தது. அதைக் கொடுக்க அக்காள் டம்ளரில் தண்ணீர் எடுத்துவிட்டாள். அந்தச் சமயத்தில் திபிலீசியிலிருந்து போன்.

"அம்மா, அதைக் கொடுக்காதே! உடனே டாக்டர்கிட்டே கூட்டிப் போ. மருந்து ஆரம்பிக்கும் முன்னாடி சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லு."

டாக்டர் அப்படியே செய்தார். முடிவு வந்தது. அலமாரியில் இருந்த அந்த மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையாதாம்! தக்க மருந்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "பேத்தி எப்போ வருவா?" என்று கேட்டாள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 1951-ல் தொடங்கிய சர்வதேச மருத்துவ மாணவர் சம்மேளனம் ஆராய்ச்சிப் பரிமாற்றங்களை நடத்துகிறது. நீங்கள் படிக்கும் நாட்டு மாணவர் சங்கம் அதில் உறுப்பாக இருந்தால் அதன் மூலம் இன்னொரு நாட்டுக்குச் சில வாரம் போகலாம். அடுத்த கோடைக்கு என் அக்காள் மகள் அதற்குத்தான் மனுப் போட்டிருக்கிறாள். ஆனால் அதற்கு முன் உங்கள் கல்லூரி மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். தூசி படிந்த நோட்டுகளுடன் யாராவது ஒரு பேராசிரியர் ஆளுக்காகக் காத்திருப்பார். இடம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம், கூட இருந்து கற்றுத் தரப் போகும் டாக்டரின் பெயரைக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதிச் சரி பாருங்கள்.

அத்தான் அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை வங்கிக் கடன் பத்திரங்கள் இருக்கும் பைலில் பத்திரமாய் வைத்திருக்கிறார். நாற்பதாயிரத்தைப் பற்றி அவர் இன்று வரை வாய் திறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.