முதலில் இந்தச் சத்திரத்தைப் பார்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சாப்பிடுகிறாயாமே, அம்மா போனில் புலம்பினாள். வயிற்றைக் கெடுத்துக்கொண்டு யாருக்கடா வீடு கட்டுகிறாய்?

நீ வருகிறாய் என்றதும் அத்தான் லண்டனுக்குத் திட்டம் போட்டுவிட்டார். நான் உன்னை முதலில் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்துக்குத்தான் கூட்டிப்போவேன். எங்கள் பாத் நகரத்துக்குப் பக்கம்தான். அங்கே 'ஜார்ஜ்' என்றொரு சத்திரம். கம்பளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்குவதற்காக, பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள் 14, 15-ம் நூற்றாண்டுகளில் கட்டியது. இன்றைக்கும் பீர் ஊற்றுகிறார்கள். முகத்தைச் சுளிக்காதே, உனக்குக் காபி கிடைக்கும்.

கீழே முழுக்கக் கல், நடுவில் வளைவு வாசல். மேலே இரண்டு மாடிகளும் மரச்சட்டம். முதல் மாடி கல்சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம். எல்லாம் உன் கேன்டிலீவர்தான். வெளியே நீண்ட தரைக்கட்டைகளின் நுனியில் மேல்சுவர் உட்கார்ந்து அழுத்துவதால், உள்ளே தரை தொய்வதில்லை. அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காய வைக்காமலே அறுத்து வேலை செய்வார்களாம். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் நாக்கு, குறுக்கே மர ஆணி. மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு மூட்டு இறுகிவிடும். அதனால் இம்மாதிரி வீடுகளில் எதுவும் நேராக இருக்காது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து மானத்தை வாங்காதே!

டைரி எழுதிப் பேர்வாங்கிய சாமுவேல் பீப்ஸ் 1668 ஜூன் 12 அன்று இந்த ஊரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். 1685-ல் அரசரை எதிர்த்துக் கிளம்பிய மான்மத் கோமகன் இங்கே தங்க, ஊருக்குள்ளேயே சண்டை. வருகிறவர்களெல்லாம் இந்தக் கதையைக் கேட்டு, முன்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ பின்முற்றத்துக்கும் வா. மரவேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? பாட்டி வீட்டு மரத்தூண், சுண்ணாம்புச் சுவர் எல்லாவற்றையும் சிமென்ட்டால் மூடப்போகிறாயாம். அடப்பாவி! சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பூட்டி வைக்கும், மரம் உளுத்துப்போகும். இங்கே பழைய மரச்சட்ட வீடுகளில் பிற்காலத்தில் பூசிய சிமென்ட்டைச் செலவு செய்து சுரண்டி எடுக்கிறார்கள். படித்த இன்ஜினீயருக்கு அக்கா சொல்லித் தரவேண்டியிருக்கிறது பார்.

நீ இங்கே வந்துவிட்டுத் திரும்பும்வரை கொத்தனாரை நிறுத்திவை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அட்வான்ஸ் கொடுக்கமாட்டாள்.

அன்புடன்,
அக்கா