ஏரியின் நிறம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சுற்றுலாப் பேருந்தில் குளிர்காற்று புகுந்ததும், பயணியர் களைப்பு மறந்து சன்னலோரம் சாய்கின்றனர். ரிங்லெட்டைக் கடந்தால் கேமரன் மலையின் ஏரி. வழிகாட்டி பத்து நிமிடம் தருகிறார். எல்லாரும் படமெடுத்துத் திரும்புகின்றனர்.

அவ்வேரி மனிதன் அமைத்தது. 1960களில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தபோது தேங்கிய நீர். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி மின்சாரம் தருகிறது. அதன் பழுப்பு நிறம், காய்கறித் தோட்டங்களுக்காகக் காடழிந்த சரிவுகளிலிருந்து மழை அரித்துவந்த மண். மலை அழிய அழிய ஏரியும் தூர்கின்றது.

அப்பால் பச்சைக் கம்பளமெனத் தேயிலைக் குன்றுகள். 1885இல் இம்மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனையும், 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ரசலையும் வழிகாட்டி தவறாது குறிப்பிடுகிறார். அக்குன்றுகளில் காடு திருத்திக் கன்று நட்டவர்களும், பனியில் நனைந்து கொழுந்து கிள்ளியவர்களும் அவர் பேச்சில் இடம்பெறுவதில்லை. அவர்களுள் தமிழர் பலர். இன்று அவ்வேலைக்குப் பிறநாட்டவரும் இயந்திரமும் வந்துவிட்ட நிலையில், அந்த நினைவு மெல்ல மங்குகிறது.

வழிகாட்டி சொல்லாததைப் பேருந்திலிருக்கும் தமிழ்ப் பெற்றோராவது தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். திரும்பும் வழி நீண்டது; நேரம் உண்டு.